ஊசி போடும் சாந்தம்மா

கிருஷ்ணகிரியில் வெள்ளைக்காரப் பாதிரிமார் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் சாந்தம்மாவுக்குத் துணி அலசுகிற வேலை. புண்ணுக்குக் கட்டிய துணிகளை அண்டாவில் போட்டு வேகவைப்பாள், அலசுவாள், கொடியில் உலர்த்துவாள், மடித்து உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பாள். ஆனால் குந்தாரப்பள்ளிக்குப் பக்கத்திலிருந்த அவள் ஊரில் யாரைக் கேட்டாலும், சாந்தம்மா ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவள் என்றுதான் சொல்வார்கள். அப்படி ஊர் முழுக்கச் சொல்லி வைத்தது வேறு யாருமில்லை, சாந்தம்மாவேதான்.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. காப்பித் தோட்டத்து வேலைக்கென்று மைசூர்ப் பக்கம் போன புருஷன் போனவன்தான். அண்ணன் கோவிந்தப்பன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவளுக்குச் சாணி வாரவும், மாட்டைத் தண்ணிக்கு ஓட்டவும், எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியைச் சுரண்டவுமே பொழுது சரியாக இருந்தது. அந்த வீட்டில் யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. அவள் இருப்பதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வேலை கிடைத்து முதல் தடவை ஊருக்கு வந்தபோது, அங்கே என்ன வேலை என்று அண்ணி முனிலட்சுமி கேட்டாள். அதுவரை அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்டுவிட்டார்களே என்ற சந்தோஷத்தில் துணி என்று சொல்ல வேண்டிய வாய் ஊசி என்று சொல்லிவிட்டது. அன்றைக்கு அண்ணனுக்குப் பக்கத்திலேயே அவளுக்கும் மணை போட்டுச் சாப்பாடு வைத்தார்கள். அந்தச் சாப்பாட்டை ருசி பார்த்துவிட்டு எந்த மனுஷிதான் மறுபடி சட்டி சுரண்டப் போவாள்?

பக்கத்து வீட்டுப் பாப்பம்மாவுக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். இடுப்பு வலிக்கு ஒரு ஊசி கொண்டுவந்து போடேன் என்று இரண்டு தடவை கேட்டாள். ஊசி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டக் கூடாது, அது துரைமார் உத்தரவு என்று சாந்தம்மா அடித்துச் சொன்னாள். பாப்பம்மா அதை நம்பவில்லை. வாய்ப்பு வரட்டும் என்று காத்திருந்தாள்.

வாய்ப்பு ஐம்பத்து நாலாம் வருஷம் தை மாதத்தில், கிர்ஸ்டன் என்ற டென்மார்க்குக்கார நர்சின் உருவத்தில் வந்தது. கிர்ஸ்டன் இந்தத் தேசத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகியும் ஆஸ்பத்திரி, சர்ச்சு, பங்களா இந்த மூன்றைத் தவிர எதையும் பார்த்ததில்லை. தமிழைப் புத்தகம் வைத்துக் கற்றுக்கொண்டிருந்தாள். துணி மடிக்கும்போது சாந்தம்மா தன் ஊரைப் பற்றி அளந்துவிட்டதையெல்லாம் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். கிணற்றில் தண்ணீர் கற்கண்டு, காற்று அப்படி, மனுஷர் இப்படி. ஒரு நாள், சனியும் ஞாயிறும் எனக்கு விடுமுறை, உன் வீட்டில் வந்து தங்குகிறேன் என்றாள். சாந்தம்மா, ஊரில் தேள் உண்டு, மூட்டைப்பூச்சி உண்டு, கக்கூசு கிடையாது என்று உள்ளது உள்ளபடி சொல்லிப் பார்த்தாள். வாழ்நாளில் அத்தனை உண்மையை அவள் ஒரே மூச்சில் சொன்னதில்லை. கிர்ஸ்டனுக்கு ஆசைதான் அதிகமாயிற்று.

சனிக்கிழமை பஸ்ஸிலிருந்து இருவரும் இறங்கியபோது பாதி ஊர் ரோட்டில் நின்றது. தெலுங்கில் ஒருவர் நலம் விசாரித்தார், கன்னடத்தில் ஒருவர் விசாரித்தார். கிர்ஸ்டன் கை கூப்பி, “உங்கள் ஊர் மிகவும் அழகாக இருக்கிறது” என்றாள். வெள்ளைக்காரி வாயிலிருந்து வந்தது தமிழாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்காததால் ஒருவருக்கும் புரியவில்லை. சாந்தம்மா திரும்பி, நம்ம ஊரு நல்லா இருக்குதாம் என்று விளக்கினாள். இங்கிலீஷெல்லாம் சாந்தம்மாவுக்குத் தண்ணி பட்ட பாடு என்று ஊர் வியந்தது. சாந்தம்மா அதை மறுக்கவில்லை.

கோவிந்தப்பன் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டிக்கொண்டிருந்தார். மாடுகள் சரிவில் இறங்கும்போது அவர் வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ள, கிணற்றிலிருந்து தோல் பறி நிறையத் தண்ணீர் மேலே வந்து கொட்டும். கிர்ஸ்டனுக்கு அந்த வடத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். வேண்டாம் என்று சொல்லக் கோவிந்தப்பனுக்கு அவளிடம் பேசவே கூச்சம். உட்கார்ந்தாள். முதல் தடவை சறுக்கி மண்ணில் விழுந்தாள், இரண்டாம் தடவை மாடு மிரண்டது, மூன்றாம் தடவை ராணி மாதிரி கீழே போய்ச் சேர்ந்தாள். அப்புறம் பாவாடை சட்டையோடு வாய்க்காலில் உட்கார்ந்து குளித்தாள். ராத்திரி கயிற்றுக் கட்டிலில் படுத்தவள், விடியும்வரை புரளாமல் தூங்கினாள். சாந்தம்மாதான் தூங்கவில்லை. இன்னும் ஒரு பகல் தாண்ட வேண்டுமே என்ற கவலை அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருந்தாளிக்கென்று முனிலட்சுமி நெல்லுச் சோறு ஆக்கியிருந்தாள். வீட்டாருக்கு வழக்கம்போலக் கேழ்வரகுக் களியும் கொள்ளுக் குழம்பும். கிர்ஸ்டன் எல்லாருடைய தட்டையும் பார்த்துவிட்டு, அந்த உருண்டைதான் எனக்கும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். வெள்ளைக்காரம்மாவுக்குக் களி போட்டார்கள் என்று நாளைக்கு ஊர் பேசுமே என்று முனிலட்சுமி தவித்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரு உருண்டை வைத்தாள். களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும், பல் படக் கூடாது. இது அந்த ஊரில் பால் மறந்த குழந்தைக்கும் தெரியும் என்பதால் யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. கிர்ஸ்டன் ஒரு பெரிய கவளத்தை வாயில் போட்டு மென்று தின்ன ஆரம்பித்தாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பாப்பம்மா வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். அவள் பின்னால் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள்.

“ஏம்மா, எங்க சாந்தம்மா உங்க ஆஸ்பத்திரியில ஊசி போடுதா? மெய்யாலும் சொல்லுங்க” என்றாள்.

கிர்ஸ்டனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது சாந்தம்மாவுக்குத் தெரியும். இனி மணையும் இல்லை, சாப்பாடும் இல்லை, மறுபடி சாணிக்கூடைதான் என்று நினைத்தாள். கிர்ஸ்டன் பதில் சொல்லத்தான் பார்த்தாள். மென்ற களி பல்லிலும் அண்ணத்திலும் அப்பிக்கொண்டு வாயைத் திறக்க விடவில்லை. முகம் சிவந்து, கையை மட்டும் ஆட்டினாள்.

குழம்புச் சட்டியோடு நின்ற முனிலட்சுமி குறுக்கே வந்தாள். “சாப்பிடறவங்களக் கேள்வி கேக்காத பாப்பம்மா. என்னக் கேளு, நான் சொல்றேன். போன வருஷம் எங்க வூட்டுக்காரருக்குக் கையில கட்டி வந்தப்ப அந்த ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கினு போனேன். இவதான் ஊசி போட்டா. என் கண்ணால பாத்தேன்.”

அண்ணனுக்கு வந்த கட்டி பச்சிலையிலேயே ஆறிவிட்டது என்றுதான் சாந்தம்மாவிடம் சொல்லியிருந்தார்கள்.

இதற்குள் கிர்ஸ்டன் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துக் களியை உள்ளே தள்ளிவிட்டாள். சாந்தம்மாவைப் பார்த்தாள். சாந்தம்மா தலை நிமிரவில்லை. கொஞ்சம் யோசித்து, தன் புத்தகத் தமிழில், “சாந்தம்மா மிகவும் நன்றாகத் திட்டுவாள். புண்ணுக்குக் கட்டிய துணியை அவிழ்த்துப் போடும் நோயாளிகள் எல்லாரும் அவளுக்குப் பயப்படுகிறார்கள்” என்றாள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆஸ்பத்திரியில் திட்டுகிறவள் நர்சு இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்? வாசலில் நின்றவர்களுக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. பாப்பம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள்.

சாப்பாடு முடிந்து கிர்ஸ்டன் கட்டிலில் சாய்ந்ததும், புழக்கடையில் அண்ணியும் நாத்தனாரும் பாத்திரம் துலக்க உட்கார்ந்தார்கள். சாந்தம்மா கேட்பதா வேண்டாமா என்று வெகுநேரம் ஒரே சட்டியைத் தேய்த்தாள்.

“மெய்யாலுமே ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களா அண்ணி?”

“வந்தோம். உன்னத் தேடிக்கினு பின்பக்கம் போனேன். அண்டா கிட்ட துணி அலசிக்கினு இருந்த. அப்பிடியே திரும்பிட்டேன். உங்கண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்.”

ஒரு வருஷமாகத் தெரிந்தேதான் மணை போட்டிருக்கிறார்கள். சாந்தம்மாவுக்குத் துக்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்து, சாம்பல் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு மூஞ்சியெல்லாம் அப்பிக்கொண்டாள்.

“அளுவாத” என்றாள் முனிலட்சுமி, சட்டியைப் பிடுங்கி வைத்தபடி. “கெணத்தடியில எனக்கு முன்னாடி இப்ப ஒருத்தியும் கொடம் வெக்கறதில்ல. நர்சம்மா வூடுன்னு அவ்வளவு மருவாதி. நீ எப்பிடியாவது அந்தம்மாகிட்ட கேட்டு ஊசி போடக் கத்துக்க. உனக்காக எத்தன நாளைக்குத்தான் நான் பொய் சொல்றது?”