பூவரசம்பூ நிறத்தில் ஒரு நூற்பந்து

எங்கள் வீட்டில் நிறத்துக்குப் பெயர் சொல்லி நூல் வாங்கும் வழக்கம் இருக்கவில்லை. மஞ்சள் என்று சொன்னால் எந்த மஞ்சள் என்று மாமி கேட்பார். ஐயாவின் தங்கையான அவர் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் இருந்த காலத்தில் கம்பளி பின்னவும், நுனி வளைந்த ஊசியால் லேஸ் போடவும் பழகியவர். யாராவது பட்டணம் போனால் மாதிரிக்கு ஒரு வெற்றிலைக் காம்போ, பயற்றங்காயோ கொடுத்துவிடுவார். கடைக்காரர் அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து நூல் தரவேண்டும். எங்கள் ஊரான அளவெட்டியில் அரைவாசிப் பெண்கள் பிள்ளைகளின் சட்டைக்கு எந்த நிறம் எடுக்கலாம் என்று மாமியிடம் கேட்டுத்தான் போவார்கள்.

மாமி மட்டும் வெள்ளைச் சேலை கட்டுவார். கலியாணம் முடித்து மூன்றாம் மாதம் மலாயாவுக்குப் போன மாமா அங்கே காய்ச்சலில் இறந்துபோனார். அப்போது மாமிக்கு இருபது வயது. எனக்கு அந்த வெள்ளை, வாத்தியாரின் வேட்டியைப்போல, என்றைக்கும் இருக்கிற ஒன்றாகவே தெரிந்தது.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, மார்கழியில் அம்மாவுக்குப் பிள்ளை பிறக்க இருந்தது. பிள்ளைக்குப் பனித்தொப்பி பின்ன நூல் வேண்டும். ஐயா அரசாங்கக் கச்சேரியில் ஒரு அலுவலாகப் பட்டணம் புறப்பட, நானும் தொற்றிக்கொண்டேன். பயணம் போகிறவர்களின் முன்னால் மாமி வரமாட்டார். குசினிப் பக்கமாக என்னைக் கூப்பிட்டு, வேலியில் அப்போதுதான் விரிந்த பூவரசம்பூ ஒன்றை வாழையிலையில் சுற்றித் தந்தார்.

“இந்த நிறத்திலை வாங்கிக்கொண்டு வா. முதலிலை கடைக்குப் போகச் சொல்லி ஐயாவுக்குச் சொல்லு. கச்சேரிக்கு அதுக்குப் பிறகு போகலாம்.”

ஐயா “ஓம், ஓம்” என்று தலையாட்டிவிட்டு முதலில் கச்சேரிக்குத்தான் போனார். ஒரு துரையின் கையெழுத்துக்காகப் பின்னேரம் வரைக்கும் மரத்தடியில் காத்திருந்தோம். பெரியகடையில் நான் இலையைப் பிரித்தபோது பூ கருஞ்சிவப்பாகக் கிடந்தது. பூவரசம்பூ காலையில் மஞ்சள், பொழுதுபட்டால் சிவப்பு என்பது யாழ்ப்பாணத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை என்று வீட்டில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதைக் காப்பாற்ற வேண்டாமா? கடைக்காரர் ஆறேழு நூற்பந்துகளைப் புரட்டி, அச்சொட்டாக அதே சிவப்பை எடுத்துத் தந்தார்.

அம்மா தலையில் கைவைத்தார்.

“பச்சைப் பிள்ளைக்கு ஆராவது உந்த நிறத்திலை தொப்பி போடுவினமோ?”

மாமி பூவையும் நூலையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

“பிள்ளையிலை பிழையில்லை மச்சாள். பூவெல்லோ மாறிப்போச்சு.”

தொப்பிக்குத் தன்னிடம் மிஞ்சிக் கிடக்கும் பழைய மஞ்சள் நூல் போதும் என்று சொல்லி, சிவப்பைத் தன் றங்குப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

சில நாட்கள் கழித்து ஒரு மத்தியானம், அம்மா கண்ணயர்ந்திருந்த நேரம், மாமியின் அறைக்குள் போனேன். அவர் யன்னலடியில் நின்றார். சிவப்பு நூலில் இரண்டு விரல் அகலத்துக்குப் பின்னிய நீளமான கரை ஒன்றைத் தன் வெள்ளைச் சேலையின் ஓரத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தார். தைக்கவில்லை, சும்மா கையால்தான். காலடிச் சத்தத்தில் திடுக்கிட்டவர், வந்தது நான் என்று கண்டதும் கையை எடுக்கவில்லை.

“எப்பிடி இருக்கு?”

“வடிவாயிருக்கு மாமி.”

ஒருவருக்கும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சத்தியமாகச் சொல்லியிருக்க மாட்டேன். சொன்னபடி செய்கிற பிள்ளை அல்லவா நான்.

தம்பி பிறந்து முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிவுக்கு வீடு நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். மஞ்சள் தொப்பியைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்துப் புகழ்ந்தார்கள். மாமியின் புகழ் அந்தத் தொப்பியோடு நின்றுவிடுவதை என்னால் பொறுக்கமுடியவில்லை.

“மாமி தன்ரை சீலைக்கும் சிவப்புக் கரை பின்னி வைச்சிருக்கிறா. பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கை கலியாணப் பொம்பிளை மாதிரி இருந்தவ” என்றேன்.

அம்மா குனிந்து தம்பியின் துணியைச் சரிசெய்யத் தொடங்கினார். ஐயாவின் பெரியம்மா, “எங்கை, அதை நாங்களும் ஒருக்காப் பாப்பம்” என்றார்.

குசினிக்குள் நின்ற மாமி தன் அறைக்குப் போய், கரையை எடுத்துவந்து எல்லோருக்கும் நடுவில் வைத்தார்.

“இவளின்ரை பாவாடைக்குப் பின்னினது. என்னைச் சீண்ட உப்பிடிச் சொல்லுறாள்.”

குரல் வழமைபோலத்தான் இருந்தது. அங்கேயே இருந்து, என் பச்சைப் பாவாடையின் ஓரத்தில் அதைச் சுற்றிவரத் தைத்தார். மிஞ்சியதை வெட்டிவிட்டார். அந்தச் சிவப்பு இந்தப் பச்சைக்கு ஒத்துவராது. வேறு யாராவது கேட்டிருந்தால் மாமியே அப்படிச் சொல்லியிருப்பார்.

அதன் பிறகு நிறம் கேட்டு வந்தவர்களுக்கு, “உங்களுக்குப் பிடிச்சதை எடுங்கோ” என்றுதான் சொன்னார். பட்டணம் போகும்போது ஒரு பூவையும் என்னிடம் தந்துவிடவில்லை. அந்தக் கரையோடு மாமி படலையைத் திறந்துகொண்டு ஒருநாள் வெளியே நடந்து போயிருக்கக்கூடாதா என்று இந்த வயதிலும் மனம் கிடந்து ஏங்குகிறது.

அன்றைக்கு எனக்கோ தலைகால் தெரியாத சந்தோஷம். உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துக்கொண்டேன். வந்தவர்கள் போனதும் மாமியின் அறைக்கு ஓடி, அதே யன்னலடியில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றேன்.

“எப்பிடி இருக்கு?”

மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வடிவாயிருக்கு” என்றார்.

நான் சொன்ன சொல்லை மாமி மறக்காமல் வைத்திருந்து எனக்கே திருப்பிச் சொல்கிறார் என்று பெருமைப்பட்டுக்கொண்டு, எல்லோருக்கும் காட்ட வெளியே ஓடினேன்.