வரப்பைத் தாண்டிப் போன தண்ணீர்

கடந்த மே மாதம், எல்லோரும் ஏற்காட்டுக்கு ஏறிக்கொண்டிருந்த வெயிலில் நான் நாமகிரிப்பேட்டைக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. என் கல்லூரித் தோழி கிரேஸ் போனில் அழுதாள். "அவரு சொல்றதக் கேட்டா பயமா இருக்குடி. ரெண்டு நாள் வந்துட்டுப் போ."

சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து ராசிபுரம் முப்பது ரூபாய். அங்கே மாறி நாமகிரிப்பேட்டைக்குப் பத்து கிலோமீட்டர், பன்னிரண்டு ரூபாய். கிரேஸின் தோட்டம் இன்னும் நாலு கிலோமீட்டர் உள்ளே. ஆட்டோவுக்கு நூற்றைம்பது கொடுத்தேன். (ராசிபுரத்தில் நெய் வாங்குவதாக இருந்தால் திரும்பும்போது வாங்குங்கள். என் பையில் உருகிவிட்டது.)

போன கையோடு விஷயம் தெரிந்தது. கிரேஸின் கணவர் தானியேலுக்கும் அவருடைய அண்ணன் பழனிச்சாமிக்கும் வரப்புத் தகராறில் பேச்சு நின்று பல வருடம். குடும்பத்தில் தானியேல் மட்டும்தான் கிறிஸ்தவர் ஆனவர். பக்கத்துப் பக்கத்துத் தோட்டம்தான். அண்ணனின் போர்வெல் வற்றி, பாக்கு மரங்கள் தலை சாய்ந்து நின்றன. தானியேலின் கிணற்றில் அடியில் மட்டும் தண்ணீர். அதை அண்ணனுக்கு விடப் போவதாகச் சொல்கிறார் தானியேல்.

"வற்றாத ஊற்று மாதிரி இருப்பீங்கன்னு சர்ச்சுல புது வருஷ ஆராதனையில நமக்குக் கெடச்ச வாக்குத்தத்த வசனம். அத நம்பித்தானே இருக்கோம்?" என்றாள் கிரேஸ்.

"அதுக்கு முந்தின வசனத்தையும் படி. இல்லாதவனுக்குக் குடுக்கறவனுக்குத்தான் அந்த வாக்கு. மொதப் பாதியச் செய்யாம ரெண்டாவது பாதிய மட்டும் எப்படிக் கேக்கறது? ஜெபம் பண்றப்பெல்லாம் ஆண்டவர் அண்ணனுக்குக் குடுன்னுதான் எங்கிட்டச் சொல்றாரு." என்றார் தானியேல். அவர் வாழையும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் நின்றது.

சாயங்காலம் ஓஸ் பைப்பை வரப்புக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டு மோட்டாரைப் போட்டார். அண்ணன் வெளியே வரவில்லை. அண்ணி தங்கமணிதான் ஓடிவந்து பைப்பைப் பிடித்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இருட்டும்போது மோட்டார் காற்றை இழுத்தது. கிணற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். சேறு. கிரேஸ் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

விடிந்ததும் நான்தான் முதலில் எட்டிப் பார்த்தேன். முந்தின நாள் இருந்த அளவுக்கே தண்ணீர் ஊறி நின்றது, வானம் தெரியும் அளவுக்குத் தெளிவாக. பாறை இடுக்கில் ஊற்று இருக்கும், அதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தெரியும். ஆனாலும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் தானியேல், சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். மறுநாளும் அப்படியே. இரண்டு நாளைக்கென்று போனவள் ஒரு வாரம் தங்கினேன். இறைக்க இறைக்க வற்றும், விடிந்தால் ஊறியிருக்கும்.

கூடுதலாக ஒரு குடம்கூட ஊறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாழையில் பாதி கருகிவிட்டது. அதைப் பார்த்துத்தான் பழனிச்சாமி வரப்பைத் தாண்டி வந்தார்.

"ஏண்டா, உம்பட வாழை காயுதேடா. எனக்கு எதுக்குடா உட்டே?"

"வாங்கண்ணா. உள்ள வந்து உக்காருங்க" என்றார் தானியேல். அவ்வளவுதான். கிரேஸ் காபி போட ஓடினாள்.

கோடையில் போகிறவர்களுக்கு: குடிக்கத் தண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள், வெயில் ஏறுவதற்கு முன் ராசிபுரத்தைத் தாண்டிவிடுங்கள், ஆட்டோக்காரரின் எண்ணை வாங்கி வையுங்கள். நான் வாங்கவில்லை. அதனால் திரும்பும்போது பழனிச்சாமிதான் தன் மொபெட்டில் என்னைக் கொண்டுவந்து விட்டார். பஸ் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் தயங்கினார்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன். தம்பி சொன்னான். உங்க சாமி நெசமாலுமே என்னப் பத்தி அவங்கிட்டச் சொல்லுச்சுங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"எம்பேர்ல அத்தன கோவத்துல இருந்தவங்கிட்டயா?"

நான் தலையாட்டினேன். அவர் தோள் துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். ராசிபுரம் பஸ் வந்தது. நான் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, அவர் இன்னும் வண்டியை எடுக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.