ஈயப் பெட்டியும் களிமண் குண்டுகளும்

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு நடந்தது இது. அப்போது நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு பௌதிக ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். மாணவர்களின் செய்முறைக்கென்று மூன்று கதிர்வீச்சு மூலங்கள் எங்களிடம் இருந்தன. சட்டைப் பொத்தான் அளவுதான், ஆனால் கையால் தொடக்கூடாது. ஈயப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை அலுமாரியில் பூட்டி வைப்போம். சாவி என்னிடம் ஒன்று, ஆய்வுகூட உதவியாளரிடம் ஒன்று.

அவர் மீனவ ஊரான குருநகர்க்காரர், என்னைவிட மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். லீவு நாட்களில் கடலுக்கும் போவார். ஒருநாள் பெட்டியைத் துடைத்துக்கொண்டே, "உதிலை எவ்வளவு ஈயம் பாருங்கோ தம்பி. நாங்கள் ஈயம் கிடைக்காமல் களிமண்ணிலை குண்டு சுட்டு வலை தாழக் கட்டுறம்," என்று சிரித்தார். அந்தப் பேச்சு என் மனதில் தங்கிவிட்டது.

ஷெல்லடி கூடவே எல்லோரும் இடம்பெயர்ந்தோம். மூன்று கிழமை கழித்துத் திரும்பினால் ஆய்வுகூடச் சுவரில் பெரிய ஓட்டை. அலுமாரி உடையாமல், சாவி போட்டுத் திறக்கப்பட்டிருந்தது. பெட்டி இல்லை. எந்தப் பிள்ளையின் கையில் அந்தப் பொத்தான்கள் இருக்கின்றனவோ என்று பயந்தேன். தேடுவதற்குக் கருவி இருந்தது, அதற்குப் போட பற்றரி இல்லை.

அண்ணை வந்ததும் வராததுமாக, எல்லோர் முன்னாலும் கேட்டேன். "ஈயம் வலைக்குப் போயிட்டுதோ அண்ணை?" வேறு ஊர்க்காரராக இருந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன்.

அவர் மண்வெட்டியோடு பின்வளவுக்குப் போனார். ஆள் நடமாடாத மதிலோரத்தில் ஆழமாகத் தோண்டினார். பெட்டி திறக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"சுவர் விழுந்திட்டுதெண்டு கேள்விப்பட்டன். பிள்ளையள் வந்து எடுத்திடுங்களெண்ட பயத்திலை தாட்டு வைச்சனான், சேர்," என்றார். ஷெல்லடிக்குள் தனியாகச் சைக்கிளில் வந்திருக்கிறார். அதுவரை தம்பி என்றவர் அன்றுதான் என்னைச் சேர் என்றார். சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனவர், பிறகு வேலைக்கு வரவேயில்லை.

போய் மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருந்தது. இன்று நாளை என்று ஒரு மாதம் கடத்திவிட்டேன். கடைசியில் போனபோது அவர் மனைவிதான் இருந்தார். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, ஒரு கிழமையாகிறது என்றார்.

"முந்தி லீவிலைதான் போறவர். வேலையை விட்டாப் பிறகு ஒவ்வொரு நாளும் போனவர்," என்றார். ஏன் வேலையை விட்டார் என்று அவருக்குத் தெரியாது போலும். எனக்குத் தேத்தண்ணி தந்தார். என்னால் குடிக்க முடியவில்லை.

வேலியில் அண்ணையின் பழைய வலை காய்ந்துகொண்டிருந்தது. அதன் கரை முழுக்கக் களிமண் குண்டுகள்.

இன்றும் ஏதாவது காணாமல் போனால் யாரையும் கேட்க எனக்கு வாய் வராது. அண்ணையிடம் சொல்ல வேண்டிய ஒரு சொல் மட்டும் இன்னும் என்னிடமே இருக்கிறது.