ஹலோ அக்கா வீட்டு வாசல் செருப்பு

மாடியில் எங்கள் எதிர்வீட்டு ஹலோ அக்காவுக்கு அந்தப் பெயர் வேலையால் வந்தது. தொலைபேசி இணைப்பகத்தில் முப்பது வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஹலோ சொன்னவள். சும்மா கொஞ்சம் சர்க்கரை கேட்டு வந்தாலே, ஏதோ வெளியூர் அழைப்பு வந்துவிட்டதென்று நிமிர்ந்து உட்காரத் தோன்றும். அப்படியொரு குரல். ஆனால் வேலை கடைசிவரை தற்காலிகம்தான். அவளுக்கென்று ஓய்வூதியம் கிடையாது. பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த கணவர் காலமான பிறகு, அவருடைய ஓய்வூதியத்தில் பாதி வருகிறது. வாடகை, மருந்து எல்லாம் அதற்குள்தான். ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறாள் என்பதை ஒருநாள் தற்செயலாகப் பார்த்தேன். கேட்டதற்கு, உடம்பும் பாதியாக இளைத்துவிட்டதே, பாதி மாத்திரை போதாதா என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கணவர் போய் நாலு வருஷம் ஆகியும் அவருடைய செருப்பு வாசலில் கிடக்கும். பாசம் என்று நினைத்து ஆரம்பத்தில் நானும் உருகினேன். பாசமாவது ஒன்றாவது, எல்லாம் பயம். பின்தெருவில் தனியாக இருந்த ஒரு வயதான அம்மாவை நாற்காலியோடு கட்டிப்போட்டுவிட்டு, வீட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் பார்க்கும்வரை ஒருத்தருக்கும் தெரியாது. அன்றைக்குத்தான் அக்கா பெட்டியிலிருந்து செருப்பை எடுத்து வாசலில் போட்டாள். அவ்வப்போது அவருடைய சட்டையை நனைத்துக் கொடியில் காயப்போட்டாள். மணி அடித்தால், கதவைத் திறப்பதற்கு முன் உள்ளே திரும்பி, "ஏங்க, யாரோ வந்திருக்காங்க பாருங்க" என்று கூப்பிடுவாள்.

நான் வீட்டிலேயே துணி தைப்பவள். என் வீட்டுக்காரர் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். பகலெல்லாம் அந்தக் குரல்தான் எனக்குப் பேச்சுத்துணை. விஷயம் தெரிந்த எனக்கே, இதோ உள்ளேயிருந்து அவர் இருமப்போகிறார் என்று சில நாள் தோன்றும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்தவர் ஒரு நல்ல மனிதர். ஓய்வூதியர் சங்கத்துக்காரர், அக்காவின் கணவரோடு பணிமனையில் இருந்தவர். கணவனை இழந்தவர்களுக்குச் சேர வேண்டியது ஒழுங்காகச் சேருகிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவருக்கு வேலையல்ல, வெறி. அக்காவின் பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். தனியாக வசிக்கும் விதவைக்கு அரசாங்கம் கூடுதலாக மாதாமாதம் ஒரு படித்தொகை கொடுக்கிறதாம். அது இவளுக்கு ஒரு மாதம்கூட வரவில்லை. விண்ணப்பத்தை அவரே எழுதி அனுப்பிவைத்தார். அது வந்தால் மாத்திரையை உடைக்க வேண்டாம். அன்று அக்காவின் முகத்தில் நான் பார்த்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

விண்ணப்பத்தை விசாரிக்க ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். மணியை அடித்தார். பழக்கதோஷம் யாரை விட்டது. "ஏங்க, யாரோ வந்திருக்காங்க பாருங்க" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் அக்கா கதவைத் திறந்தாள். நான் மெஷினை நிறுத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். ஆய்வாளர் வாசல் செருப்பைப் பார்த்தார். கொடியில் சொட்டிக்கொண்டிருந்த சட்டையைப் பார்த்தார். தனியாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே அம்மா என்று கேட்டார்.

அக்கா அவசரமாக அவரை உள்ளே கூப்பிட்டாள். உள்ளதை உள்ளபடி சொல்லி, அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். கட்டிலில் ஒரே தலையணை. குளியலறையில் ஒரே துண்டு. என்னையும் சாட்சிக்குக் கூப்பிட, அங்கே வேறு யாரும் இல்லை என்று நானும் சொன்னேன். மனிதர் கெட்டவர் இல்லை, நம்பினார். ஆனால் சந்தேகம் என்று வந்துவிட்டால் அதற்கொரு விதி இருக்கிறதாம். கதவில் அறிவிப்பு ஒட்டி, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று இரண்டு வாரம் பார்க்க வேண்டுமாம். மறுநாளே ஆள் அனுப்பி ஒட்டிவிட்டார்கள். இவ்வீட்டில் வசிக்கும் விதவை தனியாக வசிக்கிறார், வேறு எவரும் உடன் வசிக்கவில்லை என்று கொட்டை எழுத்தில், முத்திரையோடு. கிழித்தால் விண்ணப்பம் ரத்து.

எனக்கு வந்த கோபத்தில் அதை அப்போதே கிழிக்கப் போனேன். திருடனுக்கு வழிகாட்டிப் பலகை வைத்தமாதிரி இருக்கிறதே என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. எனக்கு மாத்திரை முழுசாப் போடணும்."

மாடிக்கு வருகிறவர் போகிறவரெல்லாம் நின்று படித்தார்கள். மீட்டர் பார்க்க வந்தவர் படித்தார். விலாசம் தேடி வந்தவர்கள் படித்தார்கள். ஒட்டியதைக் கிழிக்கத்தானே கூடாது என்று அக்கா கணவரின் குடையைக் கதவு ஆணியில் தொங்கவிட்டு எழுத்தை மறைத்தாள். அடுத்த நாள் மத்தியானம் பார்த்தால், குடையை யாரோ கழற்றி, ஒழுங்காகச் சுருட்டி, பட்டனும் போட்டு, செருப்புக்குப் பக்கத்தில் சார்த்தி வைத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் வேலையாக இருக்கும் என்று சொன்னேன். எந்தப் பிள்ளை பட்டன் போட்டு வைக்கும்? மறுபடி மாட்டினாள். மறுபடி அதே இடத்தில், அதே மாதிரி. அதற்கப்புறம் அவள் மாட்டவில்லை.

இரண்டாவது வாரத்தில் ஒரு மத்தியானம். எல்லாரும் வேலைக்குப் போய், மாடியில் ஈ காக்கை இல்லை. அக்கா வீட்டு மணி அடித்தது.

"ஏங்க, யாரோ வந்திருக்காங்க பாருங்க."

வெளியே ஓர் ஆண்குரல். மிகவும் மரியாதையாகச் சொன்னான்.

"உள்ள வேற யாரும் இல்லைன்னு கதவுலயே போட்டிருக்காங்களேம்மா."

நான் மெஷினை விட்டு எழுந்தேன். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு என் வீட்டுக் கதவைத் திறந்தேன். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. யார் வீட்டு மருமகன் என்று சொன்னாலும் நம்பலாம். யாரைப் பார்க்க வேண்டும் என்று அதட்டினேன். அவன் என்னைப் பார்த்தான், கத்தரிக்கோலைப் பார்த்தான். பிறகு என் வாசலில் கிடந்த ஒரே ஒரு ஜோடிச் செருப்பைப் பார்த்தான். வீடு மாறி வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, அவசரமே இல்லாமல் படியிறங்கிப் போனான்.

"போயிட்டானா?" என்றாள் அக்கா, கதவைத் திறக்காமலே.

போய்விட்டான் என்றேன். போதும் அக்கா, இப்போதாவது இதைக் கிழித்துவிடலாம் என்றேன். தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு உள்ளே அவள் பேசுவது கேட்டது. கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கென்று போடுகிற குரல் அல்ல அது. எனக்குக்கூடக் கேட்டுவிடக் கூடாது என்று அடக்கிய குரல்.

"ஏங்க, இன்னும் அஞ்சு நாள்தாங்க."