ஹிஸ், டெ, ரெக், டமி

மூன்று நாளில் நிற்க வேண்டிய உதிரப்போக்கு பத்து நாளாகியும் நிற்கவில்லை. துடியலூர்ப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்று இலக்கணம் நடத்தினேன். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பைப்ராய்டு (கருப்பையில் வளரும் சதைக்கட்டி) என்றார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். கட்டி போனால் குழந்தை தங்கும் என்று நானாகவே முடிவுகட்டிக்கொண்டேன்.

அந்தச் சொல்லை நான் ‘பைப்புராடு’ என்றேன். சீட்டு எழுதிய நர்ஸ் சிரித்துவிட்டாள். வாத்தியாரம்மாவுக்கு அது பொறுக்குமா? ஆபரேஷனின் பெயரைக் காகிதத்தில் எழுதி வாங்கிவந்து, பஸ்ஸிலும் அடுப்படியிலும் உருப்போட்டேன். ஹிஸ், டெ, ரெக், டமி. நாலாக வெட்டினால் நாக்குக்கு வாகாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று டாக்டரம்மா கேட்டார்: “என்ன ஆபரேஷன்னு தெரியுமுங்களா டீச்சர்?”

“ஹிஸ்டெரெக்டமிங்க.”

“அடடே, எங்க நர்ஸுக்கே வாய்ல நொழையாதுங்க. சரி, நீங்களும் ஊட்டுக்காரரும் கையெழுத்துப் போடுங்க.”

போட்டோம். எனக்கு உள்ளூரப் பெருமை வேறு. கேடுகெட்ட பெருமை.

தையல் பிரித்த அன்று, மில்லிலிருந்து நேரே வந்த என் கணவர் கேட்டார்: “ஏனுங்க டாக்டரம்மா, கட்டியத்தான் எடுத்துப்போட்டீங்களே, இனிக் கொழந்தை தங்குமுங்களா?”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “கர்ப்பப்பையே இல்லீங்களே. டீச்சர் பேரை அத்தனை சுத்தமாச் சொன்னாங்க, எல்லாம் தெரிஞ்சுதான் வந்திருக்காங்கன்னு நெனச்சேனுங்க.”

என் கணவர் மில்லுக்குச் சோறு கொண்டுபோகும் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பிறகு வார்டின் பெரிய நர்ஸ்தான் பிரித்துச் சொன்னாள். ஹிஸ்டெரா என்றால் கிரேக்கத்தில் கருப்பை. எக்டமி என்றால் அறுத்து எடுத்தல். பகுதி, விகுதி என்று பிள்ளைகளின் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தவள், என் வயிற்றைப் பற்றிய சொல்லைத் தப்பான இடத்தில் வெட்டியிருந்தேன். நுணலும் தன் வாயால் கெடும். அந்த டாக்டரம்மாவையும் நான் மன்னிக்கவில்லை. உச்சரிப்பை மெச்சியவருக்கு, அர்த்தம் தெரியுமா என்று என்னைக் கேட்க ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

உங்கள் சீட்டிலும் நீளமாக ஒரு சொல் இருக்கலாம். அதைச் சரியாகச் சொல்ல மெனக்கெடாதீர்கள். எதை எடுப்பீர்கள், எதை விடுவீர்கள் என்று தமிழில் கேளுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

உதிரம் நின்றது, உடம்பு தேறிவிட்டது. முன்பெல்லாம் நாள் இரண்டு தள்ளினால் காலண்டரை எட்டி எட்டிப் பார்ப்பேன். இப்போது எல்லா மாதமும் ஒரே மாதம்தான். அந்தச் சொல் மட்டும் மறக்கவில்லை. கேட்டால் இன்றும் பிசகில்லாமல் சொல்வேன்.