மருந்து அறைச் சங்கு

ஆமத்தூர் புகழேந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவன் அம்மா மாரித்தாயிடமிருந்துதான் தொடங்க வேண்டும். மகன் கம்ப்யூட்டர் படித்த பெருமையை அவள் பட்டாசுக் கம்பெனி பஸ்ஸில் சொல்லிச் சொல்லி, டிரைவருக்கே மனப்பாடமாகிவிட்டது.

அவள் மருந்து கலக்கும் வேலை பார்த்த அந்தக் கம்பெனிக்கே புகழேந்தி ஒரு கருவி செய்து கொடுத்தான். மருந்து கலக்கும் அறையில் சூடு ஏறினால் வெளியே சங்கு ஊதும். உள்ளே இருப்பவர்கள் போட்டது போட்டபடி ஓடிவந்துவிட வேண்டும். அறையிலிருந்து வரும் ஒயர் அறுந்தாலும் ஊத வேண்டும் என்று புரோகிராமில் ஒரு வரி எழுதியிருந்தான். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டி, ஒயரைப் பிடுங்கிப் பார்த்தான். ஊதியது.

ஆனால் புரோகிராம் அந்தச் சின்னக் கருவிக்குள் அடங்கவில்லை. நாம் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருளுக்குக் கம்பைலர் என்று பெயர். சுருக்கித் தரச் சொன்னால், வேண்டாததை எடுத்துவிட்டுத் தரும். புகழேந்தியும் சுருக்கச் சொன்னான். அந்தக் கம்பைலரில் ஒரு கோளாறு. ஒயர் அறுவதெல்லாம் நடக்கவே நடக்காது என்று அதுவாக முடிவுகட்டி, அந்த வரியையே தூக்கிவிட்டது. இருக்கன்குடித் திருவிழாவுக்குக் கம்பெனி அடைத்திருந்த அன்று புகழேந்தி கருவியை மாட்டி, வெந்நீர் பாட்டிலை வைத்துச் சோதித்தான். ஒயரை மறுபடி பிடுங்கவில்லை. அதுதான் முன்பே பார்த்தாயிற்றே.

தீபாவளி சீசனில் மருந்துத் தூசி ஒயரை அரித்துவிட்டது. ஒயர் அறுந்ததும் புரோகிராம் அப்படியே செத்து நின்றது. சங்கு ஊதவில்லை; இனி சூடு ஏறினாலும் ஊதாது.

முன்பெல்லாம் வெயில் ஏறினால் பெண்கள் தாமாகவே எழுந்து வந்துவிடுவார்கள். அன்றும் மாரித்தாயோடு மருந்து கலக்கிக்கொண்டிருந்த ரோஜா, சூடு தாங்கவில்லை, போகிறேன் என்று எழுந்தாள். மாரித்தாய் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எம் மகன் வச்ச சங்கு இன்னும் ஊதலையே. செத்த இருடி."

கலந்த மருந்தை அடுத்த அறைக்குக் கொண்டுபோக மாரித்தாய் வெளியே வந்திருந்தபோது வெடித்தது. ரோஜா உள்ளே இருந்தாள்.

இங்கே விபத்து நடந்தால் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புகழேந்தி எந்தக் காரணமும் சொல்லவில்லை. சோறு தண்ணீர் மறந்து, எழுதியதையே வரி வரியாகத் தோண்டிக்கொண்டிருந்தான். கடைசியில் கண்டுபிடித்து, கம்பைலர் செய்தவர்களுக்கு எழுதிப் போட்டான். உங்கள் புரோகிராம் சரிதான், கோளாறு எங்களுடையது, திருத்திவிட்டோம் என்று பதில் வந்தது. படித்துவிட்டு விம்மி விம்மி அழுதான். பாவம், அவனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அம்மாவிடம் ஓடினான்.

"தப்பு எம்மேல இல்லம்மா. நான் எளுதுனது சரியாத்தான் இருந்துருக்கு."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மாரித்தாய் திரும்பவில்லை.

"அப்ப எம்மேலதாம்லே," என்றாள். "போறேன்னவள நாந்தான உக்கார வச்சேன்."