கண்ணாடி தெளிந்த புதன்கிழமை

சென்ற ஆண்டு ஐப்பசி அடைமழையில், ஒரு திங்கட்கிழமை தொடங்கிப் புதன்கிழமை முடிந்த அனுபவம் இது. பொன்னேரிப் பக்கத்து ஆரணியில் நானும் என் கணவரும் சமைத்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குக் காலை நாஷ்டா கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அந்த வாரம் ஒரு புதிய தொழிற்சாலை எங்களை மூன்று நாள் சோதித்துப் பார்க்கச் சம்மதித்திருந்தது. எட்டரை மணி இடைவேளைக்குள் இட்லி போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

எங்கள் பிக்கப் வண்டி பழையது. திங்களன்று மழை இல்லாததால் நேரத்துக்குப் போய்விட்டோம். செவ்வாயன்று கொட்டித் தீர்த்தது. நனைந்த உடம்போடு இருவரும் ஏறி உட்கார்ந்ததுமே முன்கண்ணாடியின் உட்புறம் வெள்ளையாக ஆவி படர்ந்துவிட்டது. ஹீட்டரைத் திருப்பினால் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் துவாரங்களில் வெதுவெதுப்பான காற்று வந்து ஆவியை விரட்டும். அன்று ப்ளோயர் விசிறி இரைந்ததே தவிர, காற்று வரவில்லை. நான் துணியால் துடைத்துக்கொண்டே இருக்க, அவர் ஓட்டினார். கவரைப்பேட்டை தாண்டி, சைக்கிளில் போன ஒருவர் மீது ஏற்றியிருப்போம். கடைசி நொடியில்தான் அவர் முதுகே தெரிந்தது. அதன்பின் நின்று நின்று போனதில் இருபது நிமிடம் தாமதம். நாளையும் இப்படியென்றால் இனி வர வேண்டாம் என்று கேன்டீன் மேற்பார்வையாளர் குரலை உயர்த்தாமலே சொல்லிவிட்டார்.

திரும்பும்போது என் கணவர் சொன்னார். "எதிர்ல இன்னா வருதுன்னே தெர்ல. நாளிக்கும் மழைன்னா நான் வண்டிய எடுக்க மாட்டேன்."

அவர் சொன்னது நியாயம்தான். நேராக மெக்கானிக்கிடம் போனோம். "நம்ம ஊரு வெயிலுக்கு ஹீட்டரு வேல செய்லன்னு வந்த மொத ஆளு நீங்கதாங்கா" என்று சிரித்தார் அவர். ஃப்யூஸைப் பார்த்தார், சத்தத்தைக் கேட்டார். ப்ளோயர் மோட்டார் போய்விட்டது, புதியது சென்னையிலிருந்து வர இரண்டு நாளாகும் என்றார். எங்களுக்கு இருந்ததோ ஒரு ராத்திரி.

வண்டிக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்தத் தேதியில் எங்கே போனோம், மழையா வெயிலா, என்ன பழுது என்று அன்றன்றே எழுதிவிடுவேன். அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பின்னோக்கிப் புரட்டினேன். ஆவணி மாத மழையில் பொன்னேரிக்குப் போனபோது கண்ணாடி ஐந்தே நிமிடத்தில் தெளிந்தது என்று எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வண்டியில் எந்த வேலையும் பார்க்கவில்லை. இடையில் இருந்த ஒரே குறிப்பு, ஆயுத பூஜை.

எனக்குப் பொறி தட்டியது. பூஜையன்று வைப்பருக்குக் கீழே சாமந்தி மாலையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை கட்டியிருந்தோம். பூஜை மாலையை நாமாகக் கழற்றக் கூடாது, காய்ந்து தானாகத்தான் உதிர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நடுவில் என் கணவர் கழற்றப் போனபோது தடுத்தவள் நான்தான். வெளிக்காற்று உள்ளே போகும் சல்லடை இருப்பதும் சரியாக அந்த இடத்தில்தான்.

மெக்கானிக்குக்கு நம்பிக்கையில்லை. இருந்தாலும் டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி, மூன்று ஸ்க்ரூவை எடுத்து ப்ளோயரை இறக்கினார். அதன் சக்கரம் முழுக்க ஈரச் சாமந்தி இதழ்கள் அடையாக அப்பியிருந்தன. அதில் இரண்டு விதைகள் வெளிறிப்போய் முளைத்தும் இருந்தன.

"யக்கா, வண்டிக்குள்ள தோட்டம் வெச்சிக்கினு மோட்டார கொற சொல்ல வெச்சிட்டீங்களே" என்றார்.

"கழட்டாதன்னு சொன்னது யாரு?" என்று என் கணவர் என்னைப் பார்த்தார்.

சுத்தம் செய்து மாட்டி, குமிழைத் திருப்பியதும் காற்று என் கையிலிருந்த நோட்டின் தாள்களைப் படபடவென்று புரட்டியது.

புதன்கிழமை முந்தின நாளைவிடப் பலமான மழை. ஏறி உட்கார்ந்ததும் ஆவி படர்ந்தது. என் கணவர் ஹீட்டரைப் போட்டார். கண்ணாடியின் அடியில் இரண்டு பிறை போலத் தெளிந்து, அது மேலே மேலே ஏறி, ரோடு முழுசாகத் தெரிந்தது. அவர் கியரை மாற்றினார். எட்டு பத்துக்கே தொழிற்சாலை வாசலில் நின்றோம். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார், ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டார், நாளை முதல் தினமும் வரச் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் என் கணவர் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார்.

இப்போதெல்லாம் வீட்டில் மிக்ஸி நின்றாலும் சரி, மனிதர்கள் பேச்சை நிறுத்தினாலும் சரி, எது கெட்டது, யார் கெடுத்தது என்று கேட்பதற்கு முன்னால், எந்த நாளிலிருந்து இப்படி, அதற்கு முந்தைய நாள் நான் என்ன செய்தேன் என்றுதான் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.